எகோனின் முழங்கால்

இசை கேட்டால் எகோனுக்கு நொண்டல் வரும். மற்ற நேரத்தில் மனிதர் குதிரை மாதிரி. செர்ரி பறிக்க ஏணியில் ஏறுவார், வாசலில் கொட்டிக்கிடக்கும் பனியை அள்ளி அள்ளி எறிவார், பஸ் கிளம்பிவிட்டால் பின்னாலேயே ஓடித் தட்டி நிறுத்துவார். ஆனால் எங்கேயாவது ஒரு அக்கார்டியன் வாயைத் திறந்துவிட்டதோ, போச்சு. முகம் சுருங்கும், கை முழங்காலுக்குப் போகும், "ஐயோ, இழுக்குதே!" என்று பக்கத்திலிருக்கும் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்.

ஸ்ட்ராபிங் ஊரில் ஒருவருக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை. தரைக்கு டைல்ஸ் போடுவது அவர் தொழில். ஆயுசு முழுக்க மண்டியிட்டே சம்பாதித்த மனிதனுக்கு முழங்கால் போகாமல் மூக்கா போகும் என்று ஊரே உச்சுக்கொட்டியது. ஆண்டவன் அந்த முழங்காலை இரும்பில் செய்து அனுப்பியிருந்தான் என்பது எகோனுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் வேறு. கல்யாணத்துக்கு முன்னால், தீயணைப்புக்காரர்கள் நடத்திய நடன விருந்தில் ஹெடி வால்ட்ஸ் ஆடியதை அவர் பார்த்துத் தொலைத்தார். ரொட்டிக்கடையில் ரொட்டி கட்டிக்கொடுக்கிற அதே பெண்ணா இவள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவள் கால் தரையில் பாவவே இல்லை. தரையைப் பற்றித் தெரிந்தவர் சொல்கிறார், நம்பலாம். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். இவளோடு ஆடி இவள் மானத்தை வாங்குவதில்லை என்பதையும் கையோடு முடிவு செய்தார்.

முயற்சி செய்யாமல் இல்லை. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டைல்ஸ் ஒட்டுகிற சிமெண்ட் மூட்டை ஒன்றைக் கட்டிப்பிடித்து, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூட்டை கிழிந்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சாம்பல் நிறமாக நின்றார். மூட்டையே தாங்கவில்லை, ஹெடி எங்கே தாங்குவாள்? கல்யாணத்தன்று முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மணப்பெண் முதல் வால்ட்ஸைத் தன் சித்தப்பாவோடு ஆடினாள்.

அதற்கப்புறம் அந்தப் பொய்யை வளர்க்க அவர் பட்ட பாடு கொஞ்சமா? மருந்துக்கடையில் குதிரைத் தைலம் என்று ஒன்று விற்கும். பெயர்தான் குதிரைக்கு, பூசிக்கொள்வதெல்லாம் மனிதர்கள். திருவிழாவோ கல்யாணமோ வந்தால் எகோன் அதில் அரை டப்பாவைத் தேய்த்துக்கொண்டு கிளம்புவார். நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி மேசைக்கடியில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள் ஹெடி. அந்தக் காலைப் பார்க்காமலிருக்க எகோன் பழகிக்கொண்டார்.

ரொட்டிக்கடையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே ஹெடி கப்பலுக்குப் பதிவு செய்துவிட்டாள். பாசாவில் ஏறினால் டான்யூப் ஆற்றில் மிதந்து வியன்னாவரை போகலாம்.

"வியன்னாவுல கடைசி ராத்திரி வால்ட்ஸ் விருந்து. கரையிலேர்ந்து வாத்தியக்காரங்க வர்றாங்க," என்றாள். "இந்தத் தடவ நீ என்கூட ஆடற."

"ஹெடி, என் முழங்காலு..."

"அதையும் கூட்டிட்டு வா."

கப்பலில் சாப்பாட்டு மேசையில் அவர்களுக்கு வாய்த்த ஆள் லோரென்ஸ். ரீகன்ஸ்பர்க்கில் பல்செட் செய்துகொண்டிருந்தவர், தனி ஆள், வயதானாலும் முதுகு வளையாதவர், வாரத்தில் பாதி நாள் நடனப் பள்ளியிலேயே கிடப்பவர். முதல் நாள் சூப் வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு முடியலேன்னா கவலைப்படாதீங்கம்மா. வியன்னாவுல நான் உங்களக் கூட்டிட்டுப் போய் ஒரு சுத்து சுத்தி விட்டுடறேன்."

"வேண்டாங்க," என்றாள் ஹெடி. "ஆடினா இவரோடதான். இல்லேன்னா உக்காந்துக்கறேன்."

அன்றைக்கு வந்த சூப்பை எகோன் தொடாமலே திருப்பி அனுப்பினார்.

வியன்னாவுக்குப் போகிற நாளும் வந்தது. காலையில் கப்பல் வழியில் கிரெம்ஸ் என்ற ஊரில் நின்றது. எகோன் பெட்டியைக் குடைந்தார், கட்டிலுக்கடியில் தேடினார், குளியலறை அலமாரியைக் கவிழ்த்தார். தைல டப்பாவைக் காணோம்.

"அடடா, எடுத்து வைக்க மறந்துட்டேன் போல," என்று ஹெடி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே சொன்னாள். மறந்தவள் முகம் அப்படியா இருக்கும்?

காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று எகோன் இறங்கி ஒரே நடையாக ஊருக்குள் போனார். மருந்துக்கடைக்காரி டப்பாவை நீட்டினாள், வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதும் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மூலைக்கடையில் ஆப்ரிகாட் சாராயம் ஒரு சின்னக் கிளாஸ் போட்டார். ஒன்று தனியாக இருந்தால் நன்றாக இருக்காதென்று இன்னொன்றும் போட்டார்.

இந்த ஆற்றுக் கப்பல்கள் இருக்கின்றனவே, கரையில் இடமில்லாவிட்டால் ஒன்றை ஒட்டி ஒன்று நிற்கும். காலையில் அவர்களுடைய கப்பல் வெளிப்பக்கம் நின்றது. அதே கம்பெனியின் இன்னொரு கப்பல், அச்சு அசலாக இதைப்போலவே இருப்பது, கரையோரம் நின்றது. கரைக்குப் போகிறவர்கள் அதன் கூடத்துக்குள் புகுந்துதான் போகவேண்டும். எகோனும் அப்படித்தான் போனார். அவர் சாராயக்கடையில் இருந்தபோது அந்தக் கப்பல் எண்ணெய் நிரப்பப் போய்வந்தது. வந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொண்டன. இது எகோனுக்கு எப்படித் தெரியும்?

முதல் கப்பலுக்குள் நுழைந்தார். 'இவங்க கம்பளம் நம்ம கப்பலோட கம்பளம் மாதிரி வராது' என்று குறை சொல்லிக்கொண்டே தன் சொந்தக் கப்பலைக் கடந்து அடுத்த கப்பலில் ஏறினார். அங்கே வருகிறவர்களைச் சரிபார்க்க வேண்டிய பெண் ஒரு பெரியவரின் காது மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எகோன் மாடிப்படி ஏறி, தன் அறை எண்ணைத் தேடிப் போனார். துப்புரவுக்காரர்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கால் பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து தாராளமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

கதவருகே நிழலாடியது. வெயில் தொப்பி போட்ட, நெடுநெடுவென்று உயர்ந்த ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஹாம்பர்க்காரர், பெயர் கெசீனே என்று பிற்பாடு தெரிந்தது.

"என் கட்டில்ல உக்காந்து என்ன தேய்ச்சிட்டிருக்கீங்க?" என்று அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டார்.

"உங்க கட்டிலா? இது என் ரூமுங்க!"

"ஓகோ. அப்ப அந்த ஆணியில தொங்கற நைட்டி உங்களுதா?"

எகோன் திரும்பிப் பார்த்தார். பூப்போட்ட நைட்டி. ஹெடிக்கு அப்படி ஒன்று கிடையாது, அவருக்கும் கிடையாது. அந்த நைட்டிக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் தப்பான திசையில் நகர்ந்துகொண்டிருந்தன. டான்யூப் கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது.

"ஏங்க, ஆறு ஏன் திரும்பி ஓடுது?"

"ஆறு ஒழுங்காத்தான் ஓடுது. கப்பல்தான் மேல போகுது. பாசாவுக்கு," என்றார் கெசீனே.

எகோன் ஒற்றைக்கால் பேண்ட்டைச் சுருட்டியபடியே வரவேற்புக்கு ஓடினார். கெசீனே பின்னாலேயே வந்தார். இவ்வளவு நல்ல வேடிக்கை அந்தக் கப்பலில் அதுவரை அவருக்குக் கிடைக்கவில்லை. வரவேற்புப் பெண் மற்ற கப்பலுக்குப் போன் போட்டாள், பேசினாள், கேட்டாள், வைத்தாள்.

"உங்க மனைவிகிட்ட சொல்லிட்டாங்க சார். 'சரி, முழங்கால பத்திரமாப் பாத்துக்கச் சொல்லுங்க'ன்னாங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சிரிச்சாங்களாம்."

ஹெடி கத்தினால் கவலையில்லை, கத்தி முடித்துவிட்டுக் காப்பி போட்டுக்கொடுப்பாள். சிரித்தாள் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். வால்ட்ஸுக்குப் பயந்து கப்பலையே மாற்றி ஓடிப்போய்விட்டான் புருஷன் என்று முடிவுகட்டிவிட்டாள். இத்தனை வருஷம் புளுகினதையெல்லாம் நம்பினவளிடம் வாழ்க்கையில் ஒரே ஒரு நிஜம் சொல்ல வந்தால் அது எடுபடவில்லையே!

"பதட்டப்படாதீங்க சார்," என்றாள் வரவேற்புப் பெண். "ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. இன்னிக்கு இங்கயே தங்கிக்குங்க. காலையில கார் வச்சு அனுப்பறோம்."

"அப்படியே செய்யுங்க," என்றார் கெசீனே. "இன்னிக்கு மீன் போடறாங்க, நல்லா இருக்கும். தப்பு உங்களுது கூட இல்ல, கப்பல் மாறி நின்னா யார்தான் என்ன பண்ண முடியும்?"

எகோன் யோசித்தார். கல்யாணத்தன்றிலிருந்து அவர் தேடி அலைந்தது இதைத்தானே? தைலம் வேண்டாம், நொண்டல் வேண்டாம், அசல் சாக்கு ஒன்று மடியில் வந்து விழுந்திருக்கிறது. உட்கார்ந்து மீன் சாப்பிடவேண்டியதுதான் பாக்கி.

"அவ உக்காந்திருப்பா," என்றார் திடீரென்று.

"யாரு?"

"ஹெடி. அந்தப் பல்செட்டுக்காரன் கூப்பிடுவான், போகமாட்டா. என் காலி நாற்காலிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, காலால தாளம் போட்டுக்கிட்டே இருப்பா. எனக்குத் தெரியும். நான் பாக்காத மாதிரி பாத்திருக்கேன்." அந்நிய ஊர் அம்மாள் முன்னால் மூக்கை உறிஞ்சினார்.

கெசீனே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இன்னும் எதுக்கு இங்க நிக்கறீங்க? மெல்க்ல கப்பல் நிக்கும், அங்கேர்ந்து வியன்னாவுக்கு ரயிலு. இறங்கற பலகை போட்டதும் ஓடுங்க! அந்தத் தைலத்தையும் எடுத்துட்டுப் போங்க, தலைவலிக்குது!"

மெல்க்கில் பலகை போட்டு முடிப்பதற்குள் எகோன் கரையில் இருந்தார். ரயிலில் அவர் ஏறிய பெட்டி அடுத்த நிறுத்தத்துக்குள் காலியாகிவிட்டது. ஒரு நாய் மட்டும் தும்மிக்கொண்டே தங்கியது, பிறகு அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எகோன் எதையும் கவனிக்கவில்லை. ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

வியன்னாவில் கரையோரம் கப்பல்கள் வரிசையாகக் கட்டிக்கிடந்தன, எல்லாம் வெள்ளை, எல்லாம் நீளம். எது தன்னுடையது? இந்த முறை பெயரைப் படித்துக்கொண்டே நடந்தார். அப்போதுதான் கடைசிக் கப்பலிலிருந்து வயலின் சத்தம் கேட்டது. வழக்கமாக முழங்கால் வலி ஆரம்பிக்கிற இடம் அது. எகோன் ஓட ஆரம்பித்தார். ஒரு கால் பேண்ட் சுருண்டிருக்க, சட்டை வெளியே பறக்க, கப்பல் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டிக் குதித்து ஓடினார். மற்ற கப்பல்காரர்கள் கம்பியில் சாய்ந்து கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

மேல்தளத்தில் ஹெடி நின்றுகொண்டிருந்தாள். புதுக் கவுன், சாயம் பூசிய நகம். முதல் கயிற்றிலிருந்து கடைசிக் கயிறுவரை அவள் அத்தனையையும் பார்த்தாள்.

மூச்சிரைக்கப் படியேறி வந்து அவள் முன்னால் நின்றார் எகோன்.

"கப்பல் மாறி ஏறிட்டேன் ஹெடி. சத்தியமா."

"அது கெடக்குது," என்றாள் அவள். "ஓடி வந்தியே. அந்தக் காலாலயா?"

எகோன் பொய் ஒன்றைத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. "காலுக்கு ஒண்ணுமில்ல ஹெடி. எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல. எனக்கு ஆட வராது. நீ ஆடறதப் பாத்தேன்ல, பயந்துட்டேன். மன்னிச்சிரு."

ஹெடியின் கண் கலங்கியதா, தைல நெடி ஏறியதா என்று சொல்வது கஷ்டம்.

"படுபாவி," என்றாள். "இத்தன வருஷம் அந்தக் குதிர நாத்தத்தோட படுத்து எந்திரிச்சேனேடா! உள்ள வா. ஆடு."

ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. எகோன் முதல் சுற்றில் அவள் காலை மிதித்தார், இரண்டாவது சுற்றில் வேறொருத்தி காலை மிதித்தார், மூன்றாவதில் ஐஸ் வாளியோடு ஷாம்பெயின் பாட்டிலைத் தள்ளிவிட்டு, வயலின்காரன்மேல் போய் முட்டினார். வயலின்காரன் நல்லவன், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு வாசித்தான். ஹெடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிய, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போதுண்டா, கொன்னுடாத, போதும்," என்று மேசைக்கு இழுத்து வந்தாள். நாற்காலியில் விழுந்ததும் செருப்பைக் கழற்றிப் பெருவிரலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது.

எகோனுக்கு முகத்தைத் தூக்கமுடியவில்லை. எதற்குப் பயந்தாரோ அது நடந்தே விட்டது, கப்பல் முழுக்கப் பார்க்க நடந்துவிட்டது.

லோரென்ஸ் முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்து சேர்ந்தார். "என்ன அதுக்குள்ள உக்காந்துட்டீங்க? எப்படியோ இருந்துதே. சார் பழகவே இல்லியோ?"

எகோன் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார். மேசைக்கடியில் ஹெடியின் கை வந்து அவர் முழங்காலைப் பிடித்து அழுத்தியது.

"அவருக்கு முழங்கால் ஆகாதுங்க," என்றாள் ஹெடி. "ரொம்ப வருஷமா. டைல்ஸ் வேல பாருங்க, மண்டி போட்டே போயிடுச்சு. இன்னிக்கு எனக்காகத்தான் வலியப் பொறுத்துக்கிட்டு எந்திரிச்சாரு, பாவம்."

"அடடே," என்று லோரென்ஸ் உச்சுக்கொட்டினார். "எந்தக் காலு?"

"ரெண்டும்," என்றாள் ஹெடி.