அப்டேட்டைத் தொடாதே என்று சொன்னது யார்?

ஒரு சாஃப்ட்வேர் எந்தெந்த பிரவுசரில் ஓட வேண்டும் என்பதை ஏசி அறையில் முடிவு செய்கிறார்கள். ஓடவில்லை என்றால் ஏச்சு வாங்குவது கடை வாசலில் நிற்கிறவன். கஸ்டமர் வாசலில் நின்று பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் வாசல்கள் மட்டாஞ்சேரியில் இருக்கின்றன. அரிசி, மிளகு, சுக்கு குடோன்களுக்கு சரக்கு வரவு, போக்கு பார்க்கும் சாஃப்ட்வேரை எங்கள் கம்பெனி செய்து கொடுக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, குடோன்காரர்கள் எல்லோரையும் தெரியும் என்பதற்காக என்னை எடுத்தார்கள். கம்பெனி சொல்வதைக் கடையில் சொல்ல வேண்டும், கடை திட்டுவதைக் கம்பெனியில் சொல்ல வேண்டும். பிறந்து வளர்ந்தது இந்த மலையாள மண்ணில்தான். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுவதால் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

சேட்டுவின் பதில்

பிரவுசர் என்பது இன்டர்நெட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஜன்னல் என்று வேலைக்குச் சேர்ந்த வாரம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு, யார் எந்த பிரவுசர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வர அனுப்பினார்கள். சுக்கு வியாபாரம் செய்யும் குஜராத்தி சேட்டுவிடம் முதலில் கேட்டேன். அவர் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "பிரவுசர் எல்லாம் இங்க இல்ல அண்ணாச்சி. இன்டர்நெட் மட்டும்தான் இருக்கு" என்றார்.

அதை அப்படியே ஆபீஸில் வந்து சொன்னேன். டீம் லீடர் நிதின் எல்லோர் முன்னாலும் சிரித்தான். என் பேரன் வயதுப் பையன். சிரித்து முடித்து, என் தோளில் தட்டி, "இது டெக்னிக்கல் அண்ணாச்சி. இனிமே ஸ்கிரீன்ல என்ன படம் இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்தா மதி, அது போதும்" என்றான்.

பெருக்கல் குறி

அதிலிருந்து எனக்கு பிரவுசர் என்றால் படம்தான். நரி, சக்கரம், திசைகாட்டி, நீல எழுத்து. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் சக்கரத்துக்கு ஏதோ அப்டேட் வந்தது. மறுநாள் காலை, லாரியோடு அனுப்பும் சீட்டு பாதிக் கடைகளில் வெள்ளைத் தாளாகவே வந்தது. நிதின் என்னைக் கூப்பிட்டு, ஒரு கடை விடாமல் போய், அப்டேட் கேட்டால் தொடாதீர்கள், பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுங்கள் என்று சொல்லச் சொன்னான். நனைந்துகொண்டே போனேன். சொன்னேன்.

கடைசியாக ஹாஜியாரின் அரிசி குடோன். அங்கேதான் நான் அதிக காலம் மூட்டை தூக்கினேன். எங்கள் சாஃப்ட்வேரை அவர் வாங்கியதே என் பேச்சை நம்பி. எத்தனை நாளைக்குத் தொடக்கூடாது என்று கேட்டார். நான் வந்து சொல்கிற வரைக்கும் என்றேன். ஹாஜியார் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பி, "கேட்டல்லோ? அண்ணாச்சி சொல்லாம அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மேல ஒரு ஈகூட உக்காரக் கூடாது" என்றார்.

யாரும் கேட்காத கேள்வி

அதற்குப் பிறகு, இனிமேல் தொடலாம் என்று கம்பெனியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படிப் போய்ச் சொல்வது?

இந்த வருஷம் மீட்டிங் போட்டார்கள். நான் சாயா கொடுக்கப் போனேன். எர்ணாகுளத்தில் எல்லோரும் புதுசு வைத்திருக்கிறார்கள், மட்டாஞ்சேரி மட்டும் ஏன் மூன்று வருஷம் பின்னால் நிற்கிறது என்று நிதின் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பழசு எல்லாவற்றிலும் சோதித்துப் பார்ப்பதற்கே பாதி நாள் போகிறதாம். அடுத்த மாதத்திலிருந்து புதிய சக்கரமும் புதிய நரியும் மட்டும்தான், மற்றதில் நம் சாஃப்ட்வேர் திறக்காது என்று முடிவாயிற்று.

மற்ற கடைகளில் அப்டேட்டை அழுத்தினால் தீர்ந்தது. ஹாஜியாரின் பெட்டி புதுசை ஏற்றுக்கொள்ளாத அளவுக்குப் பழசு. அங்கே திறக்காவிட்டால் என் பேச்சு போயிற்று. அந்த குடோன் படியில் நான் மறுபடியும் ஏற முடியாது. ஹாஜியாரை விட்டுவிடுவதா என்று கேட்டேன். கம்பெனி முதலாளி நிதினைப் பார்த்தார். நிதின் சாயாவை ஊதிக்கொண்டே சொன்னான்: "ஒராளுக்கு வேண்டி நம்ம பின்னாடி போக முடியாது அண்ணாச்சி. இத்தனை வருஷமா ஏன் அப்டேட் செய்யலன்னு அவர்கிட்டயே போய்க் கேளுங்க."

குடோனில்

நான் போக மாட்டேன், முடிவு எடுத்தவர் போகட்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார். வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை.

ஹாஜியார் நிதினுக்கு நாற்காலி போட்டு, சாயா வரவழைத்தார். பழைய பிரவுசர் பாதுகாப்பில்லை, கணக்கை யாராவது திருடலாம் என்று நிதின் நயமாக எடுத்துச் சொன்னான். அதுவரை சரி. கடைசியில், ஏன் அப்டேட் செய்யவில்லை என்றும் கேட்டுவிட்டான். ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணாச்சி தொடாதேன்னு சொன்னாரு, நான் தொடல. அண்ணாச்சிக்கு அதைச் சொன்னது யாரு மோனே?"

நிதின் என்னைப் பார்த்தான். நான் அரிசி மூட்டைகளைப் பார்த்தேன். வாயைத் திறந்து உதவியிருக்கலாம். எனக்கு அவன் சிரித்த சிரிப்பு ஞாபகம் இருந்தது. நிதின் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் ஹாஜியாரே" என்றான். ஹாஜியார் தலையாட்டினார். "அப்ப இனி தொடலாம்னு சொல்ல வேண்டியதும் நீதானே? மூணு வருஷமா எவிடெப் போயிருந்த?"

மூன்றாவது பெயர்

அந்தப் பெட்டி தானாகப் பழுதாகி நிற்கிறவரை அதில் நம் சாஃப்ட்வேர் திறந்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆபீஸ் போர்டில் இப்போது ஆதரிக்கும் பிரவுசர்கள் என்று மூன்று பெயர் இருக்கிறது. முதலில் சக்கரம், அடுத்தது நரி, மூன்றாவது ஹாஜியார்.

அத்தனை பழைய பெட்டி ஆபீஸில் இல்லாததால், புதிதாக எதையாவது மாற்றும்போதெல்லாம் நிதினே குடோனுக்குப் போய் ஓட்டிப் பார்த்து, பேன்ட் முழுக்கத் தவிட்டோடு திரும்புகிறான். கூட வரச் சொல்லிக் கேட்டான். இது டெக்னிக்கல், எனக்கு எதற்கு என்றேன். போன வாரம் ஹாஜியார் என்னை நிறுத்தி, "அவன் பாவம் அண்ணாச்சி. வந்தா கணக்குப்பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்துட்டுப் போறான். இனி அவனோட பேசிக்கோ" என்றார்.

பழைய பிரவுசர்களை ஆபீஸில் ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள். என் பழைய கோபங்களில் ஒன்றைக்கூட நான் இதுவரை கைவிட்டதில்லை.