முழங்காலுக்கு மட்டும் வேண்டிக்கொண்டேன்

முருகனடியார்களே, நான் பிழைப்பேன் என்று யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

ரப்பர் விலை விழுந்து, பினாங்கு துறைமுகத்தில் என் வீட்டுக்காரருக்கு மூட்டை தூக்கும் வேலை பாதியாகக் குறைந்திருந்த சமயம் அது. டத்தோ கிராமாட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். மகள் பாக்கியத்துக்கு நாலு வயது. ஐப்பசி மழையில் எனக்குத் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்தது. அது விட்டுச் சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. முழங்கால் வடிந்தால் மணிக்கட்டு வீங்கும். போர்வை பட்டாலே உயிர் போகும். கூடவே இருந்த என் நாத்தனார் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார்.

"வாதம்தான்லா. உருவிவிட்டா ஓடிப்போயிரும்" என்றார்.

நான் தண்ணீர்மலை முருகனிடம் அழுதேன். கால் சரியானால் தைப்பூசத்தன்று என் காலாலேயே படியேறிப் பால்குடம் எடுத்து வருகிறேன் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். மார்கழிக்குள் வீக்கம் இருந்த இடமே தெரியவில்லை. முருகன் கேட்டுவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நடுவழியில் உட்கார வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் சொன்னதை, புண்ணுக்குக் கட்டுப் போடும் தமிழ் டிரஸ்ஸர் எடுத்துச் சொன்னார்.

"கைகால் மூட்டெல்லாம் வீங்க வச்ச அதே காய்ச்சல் இருதயத்தையும் புடிச்சிருச்சும்மா. ரத்தம் திரும்பி வராம இருக்க உள்ளே கதவு மாதிரி இருக்கு. அது வெந்து வீங்கி, ஆறும்போது சுருங்கிப்போச்சு. இனி சரியா மூடாது."

"மருந்து?"

"இந்தக் கதவுக்கு மருந்து இல்லே. படுத்தே இருக்கணும். மலை ஏறிராதே."

எனக்கு வேறு பயம். வேண்டுதலை இன்னும் செலுத்தாததால்தான் முருகன் மூச்சை இறுக்குகிறான் என்று நினைத்தேன். நாத்தனாரும் அதையே சொன்னார். வீட்டுக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. தைப்பூசத்தன்று குடத்தைத் தலையில் வைத்துப் படியேறினேன். பாதி மலைகூடத் தாண்டவில்லை. கண் இருட்டி விழுந்தேன். பால் படியில் ஓடியது.

"முருகனுக்குப் பால்தான்லா வேணும். உன் மூச்சை வச்சு அவரு என்ன செய்வாரு?" என்று கத்திக்கொண்டே வீட்டுக்காரர் என்னை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஆஸ்பத்திரியில் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே கிடந்தேன். கால் வீங்கிப் பளபளத்தது. ஒருநாள் என் கட்டிலைச் சுற்றித் திரை வைத்தார்கள். சாகப்போகிறவர்களுக்குத்தான் அந்தத் திரை. பாக்கியத்தைக் கூட்டிவந்து காட்டினார்கள். என் கோலத்தைப் பார்த்துப் பயந்து, பிள்ளை கிட்டே வரவில்லை. அதைவிட ஒரு துக்கம் எனக்கு இனி வராது.

அப்போது வேண்டினேன். "முருகா, காலைக் கேட்டேன், கொடுத்தாய். நெஞ்சைக் கேட்க எனக்குத் தெரியவில்லை. இனி உனக்குக் கொடுக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை என்னிடம் வரும்வரையாவது விட்டுவை."

அடுத்த சில நாளில் உடம்பில் கோத்திருந்த நீர் இறங்கியது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கஞ்சி கேட்டுக் குடித்தேன். திரையை எடுத்துவிட்டார்கள். டாக்டரே தலையை ஆட்டி வியந்தார்.

நான் குணமாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தக் கதவு இன்னும் மூடவில்லை, மூடப்போவதுமில்லை. இப்போது அடிவாரத்தில் உட்கார்ந்தே கும்பிடுகிறேன். அவன் கோபிக்கவில்லை. நீங்களும் அவனை நம்புங்கள். ஆனால் பிள்ளைகளுக்குத் தொண்டைவலி வந்துபோன பிறகு மூட்டு வீங்கினால், வேண்டிக்கொண்ட கையோடு டாக்டரிடம் காட்டிப் படுக்க வையுங்கள். வீக்கம் வடிந்ததும் என்னைப் போலக் கொண்டாடிவிடாதீர்கள்.

நீண்ட ஆயுள் கேட்க எனக்குத் துணிவில்லை. விடிந்ததும், பாக்கியத்துக்குச் சடை பின்னிவிட இந்த ஒரு நாளைக் கொடு என்றுதான் கேட்கிறேன். இன்று காலையும் பின்னிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.