தெயானிராவும் இரண்டு பிக்கோக்களும்

பாரன்கிய்யா நகரத்தின் ரெபோலோ பகுதியில் தெயானிரா ஓரோஸ்கோவின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "வார்னிஷ் வாசனை எங்க அடிக்குதோ அங்க நில்லுங்க" என்பார்கள். அவள் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் பூசி, மின்சாதனங்களுக்குக் காயில் கட்டுபவள். பதினேழு வயதில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மின்விசிறி பழுதுபார்க்கும் கடைக்கு வேலை கேட்டுப் போனாள். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று முதலாளி இழுத்தார். அவருடைய ஆட்களின் தடித்த விரல் நுழையாத ஒரு மேசை விசிறிக்குள் அவள் கைவிட்டு, அறுந்த கம்பியை நுனியோடு வெளியே இழுத்துக் காட்டினாள். முதலாளி அதற்குமேல் இழுக்கவில்லை.

விசிறியிலிருந்து பிக்கோவுக்கு வந்தது தற்செயல்தான். பிக்கோ என்றால் ரெபோலோக்காரர்களுக்கு உயிர். ஆள் உயரப் பெட்டிக்குள் ஸ்பீக்கர், முன்னால் கண்ணைப் பறிக்கும் படம் வரைந்த துணி, பின்னால் விளக்கு போல் ஒளிரும் கண்ணாடி வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபையர், பக்கத்தில் இசைத்தட்டு அடுக்கு. இவ்வளவும் வந்து இறங்கிவிட்டால் தெரு ஆட ஆரம்பித்துவிடும். ஒருமுறை திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு பிக்கோவின் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிப்போக, ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் அவளிடம் கொண்டுவந்தார்கள். பிரித்துப் பார்த்து, அதேபோல் மறுபடி கட்டிக் கொடுத்தாள். அது முன்னைவிட நன்றாகப் பாடியது. அதற்கப்புறம் விசிறிகள் அவள் வீட்டு மூலையில் காத்துக்கிடந்தன.

கணவன் அப்சலோன் கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், காலுறைகளுக்குள் வால்வுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.

"மத்தவன் பொண்டாட்டி எல்லாம் சென்ட் கேக்குறா. நீ என்னடான்னா விளக்கு கேக்குறே."

"சென்ட் பூசுனா வாசனைதான் வரும். இது பாடும்" என்பாள்.

1974இல் அவள் கையால் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் ரெபோலோவிலேயே இருந்தன. ஒன்று உலிசெஸ் பர்ராஸாவுடையது. தள்ளுவண்டியில் ரொட்டி விற்பவர். தெயானிராவின் மகளுக்கு ஞானத்தந்தை; அந்த உறவில் அவர் அவளுக்குக் கொம்பாத்ரே, அவள் அவருக்குக் கொமாத்ரே. அவருடைய பிக்கோவின் பெயர் நண்டு. அதில் இரண்டே வால்வு. பாட்டு ஓடாதபோது அது உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அத்தனை நிசப்தம். இன்னொன்று லாரி உதிரிபாகக் கடை வில்ஃப்ரிதோ மெஸ்த்ரேயுடையது. பெயர் டிராக்டர். எட்டு பெரிய வால்வு. அதை மூட்டிவிட்டால் அறையே அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும்.

ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் இருவரும் அவள் பேச்சைக் கேட்டார்கள். ஸ்பீக்கர் வாங்கும்போது ஆளுக்கொரு திசையில் புத்தி போயிற்று. மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து இரண்டு பெரிய கூம்பு ஸ்பீக்கர்களை வில்ஃப்ரிதோ வாங்கிவந்தான். அவற்றின் பளபளப்பில் அவன் மயங்கிவிட்டான்.

"வில்ஃப்ரிதோ, இது காதுல முணுமுணுத்தாலே ஊரைக் கூட்டுற ஜாதி. உன் எட்டு வால்வை இதுக்கு முன்னாடி வெச்சா, வால்வு பெருமூச்சு விடுறதுகூட வெளிய கேக்கும்" என்றாள் தெயானிரா.

"கேக்கட்டுமே! கேக்கத்தானே பிக்கோ?"

உலிசெஸ் செய்தது நேர் எதிர். விளிம்பில் தடித்த ரப்பர் வைத்த, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற வெளிநாட்டு ஸ்பீக்கர்களை வாங்கிவிட்டார். கனமாக இருந்ததால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

"கொம்பாத்ரே, இதை அசைக்கவே உங்க ரெண்டு வால்வுக்கும் நாக்கு தள்ளிடும். இது பெரிய சக்தி கேக்குற சாமான்."

"பழகப் பழக இளகிடும் கொமாத்ரே, புது செருப்பு மாதிரி."

மூன்று மாதம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பணம் திரட்டுவதற்காக ஒரு ஞாயிறு மத்தியானம் தெருவில் ஆட்டம் வைத்தார்கள். ஏற்பாடு தலைமையாசிரியை மிர்த்தா. நண்டு ஒரு முனை, டிராக்டர் மறுமுனை. மாறி மாறி மூன்று மூன்று இசைத்தட்டுகள். பந்தலுக்கடியில் இறைச்சியும் கிழங்கும் போட்ட சான்கோச்சோ குழம்பு பானை பானையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தெயானிரா உப்புப் போட்ட மாங்காயோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

நண்டு தொடங்கியது. தாளம் கேட்டது, ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து கேட்டது. உலிசெஸ் குமிழை முழுசாகத் திருப்பினார். பாடுபவன் பல்வலிக்காரன் போல் முனகினான்.

"உலிசெஸ்! அதோட வாயில இருந்து துணிய எடுய்யா!" என்று மீன்காரி நெல்சி கத்தினாள். தெருவே சிரித்தது.

அடுத்து டிராக்டர். ஊசி தட்டைத் தொடுவதற்கு முன்பே, ம்ம்ம்ம் என்று ஒரு உறுமல் கிளம்பியது. கம்பத்து மின்பெட்டி வெடிக்கப் போகிறது என்று நாலு பேர் எழுந்து ஓடினார்கள். பாட்டு தொடங்கியதும் நிலைமை இன்னும் மோசம். வில்ஃப்ரிதோ குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஓசை பாய்ந்தது. அதற்குக் கீழே உறுமலும் இரைச்சலும்தான் மிச்சம். டிரம்பெட் வந்தபோது சான்கோச்சோ கிளறியவள் கரண்டியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வில்ஃப்ரிதோ, நான் ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன், பேயோட்ட இல்ல!" என்றார் மிர்த்தா. ஜனங்கள் பக்கத்துத் தெருப்பக்கம் நழுவ ஆரம்பித்தார்கள். மிர்த்தா நேராகத் தெயானிராவிடம் வந்தார்.

"ரெண்டையும் பண்ணினது நீதானே? ஏதாவது செய். கூரைக் காசு போயிடும்."

"ஆம்ப்ளிஃபையர் ரெண்டும் தங்கம், டீச்சர். ஜோடிதான் தப்பு. இவர் ஸ்பீக்கர அவன்கிட்ட குடுங்க, அவன் ஸ்பீக்கர இவர்கிட்ட குடுங்க."

"என் கூம்பு நண்டுகிட்டயா? நான் செத்தப்புறம்!" என்றான் வில்ஃப்ரிதோ.

"என் நண்டு டிராக்டரோட குரல்ல பேசுறதா? அசிங்கம்" என்றார் உலிசெஸ்.

மிர்த்தா இருவருக்கும் மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். "நீ அந்தப் பக்கம் தூக்கு. நீ இந்தப் பக்கம் தூக்கு" என்று மட்டும் சொன்னார். தூக்கினார்கள். துணிப்படத்தோடு பெட்டிகள் இடம் மாறின.

தெயானிரா மாங்காயை வாயில் கவ்விக்கொண்டு கம்பிகளைக் கழற்றினாள். கூம்புகளை நண்டின் ட்ரான்ஸ்ஃபார்மரில் பதினாறு என்று எழுதிய முனையிலும், கனத்த ஸ்பீக்கர்களை டிராக்டரின் ட்ரான்ஸ்ஃபார்மரில் எட்டு என்று எழுதிய முனையிலும், அந்தந்த ஸ்பீக்கரின் ஓம் கணக்குக்கேற்ப மாட்டினாள். உலிசெஸ் பயந்து பயந்து குமிழைக் கால்வாசி திருப்பினார். பாடகன் தெருவின் நடுவில் வந்து நின்றது போலிருந்தது. அவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பக்கத்துத் தெருவுக்குப் போனவர்கள் அங்கேயே திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று தட்டு முடிந்ததும் டிராக்டர். எட்டு வால்வின் பலம் கனத்த ஸ்பீக்கருக்குள் இறங்கி, முரசு உள்ளங்காலில் அடித்தது. உறுமலை அந்தத் தடித்த விளிம்பு விழுங்கிவிட்டது. பந்தலில் தொங்கவிட்ட காகிதத் தோரணம் தாளத்துக்கு நடுங்கியது. நெல்சி மீன்கூடையை ஓரமாக வைத்துவிட்டு, யாரென்றும் பார்க்காமல் ஒருவரைப் பிடித்து ஆடினாள், அவர் பாதிரியார். நண்டுப் படத்துக்குப் பின்னாலிருந்து டிராக்டர் முழங்கியதையும், டிராக்டர் படத்திலிருந்து நண்டு பாடியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தெயானிரா நடுத்தெருவில் நின்றாள். இத்தனை வருஷத்தில் தன் கைவேலையை முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. மாங்காய்ச் சாறு முழங்கை வரை வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே இருவரும் அவரவர் ஸ்பீக்கரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மானப் பிரச்சினை அல்லவா.

செவ்வாய்க்கிழமை உலிசெஸ் அவள் வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு புது ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்று எண்ணும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு எண் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் கண்ணாலேயே பெஞ்சைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் வில்ஃப்ரிதோ, தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்தான். அவனுக்கும் அதே பெஞ்சுதான். தெயானிரா ஆயிரத்து நூற்றில் இருந்தாள். இரண்டாயிரத்து நானூறு வரை போக வேண்டும். இருவரும் தோளோடு தோள் உரச, எதிர்ச்சுவரில் மாட்டிய நாட்காட்டியை வாசித்தார்கள். ஒருமுறை வில்ஃப்ரிதோ தொண்டையைக் கனைத்தான். அவள் பார்த்த பார்வையில் மீதிக் கனைப்பை விழுங்கிவிட்டான்.

கடைசிச் சுற்றை முடித்து, நுனியை ஒட்டிவிட்டு, அவள் நிமிர்ந்தாள். "இப்ப சொல்லுங்க."

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் கொமாத்ரே."

"நானும்தான்" என்றான் வில்ஃப்ரிதோ.

"நல்லது. சும்மா வந்த ரெண்டு பேரும் சும்மா போகாம, வீட்டுல இருக்குற ஸ்பீக்கர மாத்திக்குங்க. துணிப்படத்த மாத்தி வரைய ஓவியர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வில்ஃப்ரிதோ தொப்பியைச் சுழற்றினான். "நான் கேட்டேன்னு வெளிய சொல்லக் கூடாது."

"நானும் கேக்கல" என்றார் உலிசெஸ் அவசரமாக.

ஒருத்தராகத் தூக்க முடியாத பெட்டிகள். வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்தே சுமந்தார்கள், முதல் தெருவில் திட்டிக்கொண்டு, இரண்டாம் தெருவில் வழி சொல்லிக்கொண்டு. மூன்றாம் தெருவில் பீர்க்கடை வந்தது. பெட்டியை இறக்கி வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு யார் முதலில் தொடங்குவது என்று அவர்கள் சண்டை போடுவது தெயானிராவின் ஜன்னல் வரை கேட்டது. அவள் அடுத்த காயிலுக்குக் கம்பி எடுத்தாள்.