கார் ஷெட்டுக்குள் போன புகைப்பெட்டி

போன ஐப்பசியில் என் மாப்பிள்ளையைப் பார்த்துக் கத்திவிட்டேன். மாமியார் மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்துவது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத சங்கதி. சாதாரணமாக அவர் கூடத்துக்குள் வந்தாலே நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்கிற ரகம். அப்படிப்பட்டவள் தொண்டை கிழிய, "அதைத் தூக்கி வெளியே வைங்க! இப்பவே!" என்று அலறியதில் பேத்தி கையிலிருந்த தட்டையே போட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை புதிதாக ஒரு புகைப்பெட்டி வாங்கியிருந்தார். கறுப்பாக, மூடியும் காலுமாக, பார்வைக்கு நாகரிகமான குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும். அடியில் கரியும் மரத்துண்டும் போட்டு மெல்லப் புகையவிட்டால், மேல்தட்டில் வைத்த மீனும் கோழியும் மணிக்கணக்கில் அந்தப் புகையிலேயே வேகுமாம். மொட்டை மாடியில் வைத்து அழகாகத்தான் ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்டது. நெருப்போடு அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, கண்ணாடி அடைத்த பால்கனியில் நிறுத்திக் கதவைச் சாத்தப்போனார்.

"இன்னா அத்தே, ஒரு ஜன்னல் தொறந்துதான இருக்கு. இன்னா ஆயிடும்?"

என்ன ஆயிடும் என்று எனக்குத் தெரியும். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்துக்கும் தெரியும். முதல் பக்கத்திலேயே ஒரு வீட்டுப் படம் போட்டு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் தாண்டி மசாலா தடவும் பக்கத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் காலத்தில் அந்தப் படம் இல்லை. ஆனால் படம் இல்லாத குறையால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். சொல்வதற்கு அன்றைக்கும் ஒரு வாய் இருந்தது. கேட்பதற்குத்தான் காது இல்லை.

பெட்டி மழையிலேயே நின்று அணைந்தது. ஈரமும் கரியும் மீன்நெய்யும் கலந்து ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், என் மூக்கு நேராகக் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது.

என் மூக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குத் துளசியும் மருவும் கட்டிக்கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. நர்ஸ் படிப்பு முடிகிறவரை மீன் வாசனை தெரியாமல் வளர்ந்தவள் நான். எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு இரும்பாலையின் முதலுதவி அறையில் வேலை கிடைத்தது. பஜாரில் ஒரு அறை எடுத்தேன். கீழே மீன் மார்க்கெட். முதல் மாதம் மூக்கில் கைக்குட்டை. இரண்டாம் மாதம் கைக்குட்டை இல்லை. மூன்றாம் மாதம் வீட்டுக்குப் போனால் அம்மா, "உன் மேல ஏதோ வாடை அடிக்குதுடி" என்று தலைக்கு ஊற்றச் சொன்னாள்.

அந்த ஆலையில் உலை நிறுவ ஐரோப்பாவிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'தொரை'. நல்ல உயரம், வெயிலில் தோல் உரிந்து எப்போதும் பாதி வெந்தவர் போல இருப்பார். நம் சாப்பாடு அவருக்கு ஆகவில்லை. தன் ஊரில் செய்வதுபோல மீனைப் புகைத்துத் தின்னவேண்டும் என்று, ஆலைப் பட்டறையில் தகரம் வெட்டி ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி செய்துகொண்டார். பழவேற்காட்டு மடவை மீனை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளே கம்பியில் தொங்கவிட்டு, அடியில் கரி நெருப்பும் சவுக்குச் சீவலும் போடுவார். அவர் தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ் சுவரிலிருந்து தள்ளி, சவுக்குத் தோப்பு ஓரம், மேலே வெறும் வானம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். அவருக்கு மீன் கழுவிக் கொடுத்து உதவியது அங்கே வேலை செய்த தேசம்மா.

தேசம்மாவை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கெட்டியான உடம்பு, கெட்டியான குரல். கணவன் இல்லை, தனம் என்று ஒரே பெண். ஆந்திர எல்லையோரத்துக்காரி. கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவாள், சிரிப்பு வந்தால் தமிழில் திட்டுவாள். தொரை எங்கோ கற்றுக்கொண்ட இரண்டே தமிழ் வார்த்தைகளை அவள் நடித்துக் காட்டுவாள். விரலை ஆட்டிக்கொண்டு, "வெள்யே! எப்பவும் வெள்யே!" மழை வந்தால் தொரை மீன் போடவே மாட்டாராம். ஒருநாள் இவள் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தலாமா என்று கேட்டதற்கு அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தள்ளி, செத்துப்போவதுபோல் காட்டினாராம். "சினிமால கூட அந்த மாதிரி யாரும் செத்ததில்ல, நர்ஸம்மா" என்பாள்.

தொரை ஊருக்குத் திரும்பினார். பெட்டி மேனேஜர் வீட்டுக்குப் போனது. தேசம்மாவும் அங்கேயே வேலைக்குப் போனாள். 'எங்க வீட்ல ஃபாரின் மாதிரி மீன்' என்று மேனேஜரின் மனைவி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெருமையடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி சாப்பாட்டுக்கு வருகிறார். காலையிலிருந்து அடைமழை. இங்கேயிருந்துதான் எனக்கு இரத்தம் கொதிக்க ஆரம்பிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரும் அவர் மனைவியும் பெட்டியைக் கார் ஷெட்டுக்குள் வைக்கச் சொன்னார்கள். தேசம்மா சும்மா இருக்கவில்லை.

"தொர வெளியதாம்மா வெப்பாரு. உள்ள வெக்கக்கூடாதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

"தொரையா உனக்குச் சம்பளம் குடுக்கறார்?"

இப்படிக் கேட்டால் ஒரு வேலைக்காரி என்ன பதில் சொல்வாள்? பெட்டி உள்ளே போனது. சாரல் அடிக்கிறது என்று ஷெட்டின் இரண்டு கதவையும் சாத்தினார்கள். நெருப்பு படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, ஒரு ஸ்டூலைப் போட்டு இவளையும் உள்ளே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து, "தல இடிக்குதும்மா, கண்ணு ஒரு மாதிரி கீது" என்றிருக்கிறாள். அதற்கு அந்த அம்மாள், "கொஞ்சம் பொறுத்துக்கோ, கெஸ்ட் வந்துடுவார்" என்று திருப்பி உள்ளே அனுப்பியிருக்கிறார். அதாவது, வெளிக்காற்றில் நின்றவளைத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். இதை நினைக்காமல் இந்த வயதிலும் என்னால் ஒரு ஷெட்டைத் தாண்ட முடிவதில்லை.

அதிகாரியை அழைத்துவரக் காரை எடுக்கப்போன டிரைவர் கோதண்டம்தான் கதவைத் திறந்தவன். தேசம்மா ஸ்டூலிலிருந்து சரிந்து கிடந்தாள். அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவன், அவனும் மழையில் மண்டிபோட்டு வாந்தி எடுத்தான். பிறகு ஆலை ஜீப்பில் வந்து என்னைக் கூட்டிப்போனான்.

நான் போனபோது தேசம்மாவை வராந்தாவில் படுக்கவைத்து, கைகள் வெட்டி இழுத்ததைப் பார்த்து, காக்கா வலிப்பு என்று ஒரு சாவிக்கொத்தை உள்ளங்கையில் திணித்திருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். சாவியைப் பிடுங்கி எறிந்தேன். ஷெட்டின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்த அந்தச் சில நொடியிலேயே கனன்றுகொண்டிருந்த கரியைக் கண்டு எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோதண்டத்தை விரட்டி முதலுதவி அறையிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துவரச் செய்தேன். மூக்கில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன்.

"கெஸ்ட் வர்ற நேரம். கார் அனுப்ப முடியாது" என்றார் மேனேஜர்.

"ஜீப் போதும் சார்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்காமல் ஏற்றிவிட்டேன். பொன்னேரியில் ஒரு டாக்டர் பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "கரி நெருப்பை வச்சு ரூமைச் சாத்தினாங்களா?" என்று அவரே கேட்டார். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் விஷவாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கண் எரியவைக்கிற புகையைவிட அதுதான் ஆளைக் கொல்லும் என்றார். பிழைத்தது பெரிது என்றார்.

நாங்கள் பொன்னேரியில் இருந்த நேரத்தில் குவார்ட்டர்ஸில் விருந்து நடந்தது. அந்த மீனைச் சாப்பிட்டார்கள். ஆமாம், அதே மீனைத்தான். எலுமிச்சம்பழம் பிழிந்து. அதிகாரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

முதல் அரைமணி நேரம் அவர்கள் வலிப்பு என்று நினைத்தது அறியாமை. அதை நான் மன்னிப்பேன்; நானே படித்திராவிட்டால் சாவியைத்தான் தேடியிருப்பேன். டாக்டர் சொன்னதை நான் திரும்பி வந்து சொன்ன பிறகும் அதையே சொன்னார்களே, அதற்கு என்ன பெயர்? 'வலிப்பு நோயை மறைத்து வேலைக்கு வந்தவள்' என்று தேசம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோதண்டமும் அங்கே நின்றிருந்தான்.

"யாராவது கேட்டா ஃபிட்ஸ்னு சொல்லிடுங்க சிஸ்டர். கம்பெனிக்குக் கெட்ட பேரு வேண்டாம்."

"கோதண்டமும் வாந்தி எடுத்தார் சார். அவருக்கு என்ன ஃபிட்ஸ்?"

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ வாந்தி எடுத்தியா?"

கோதண்டம் தரையைப் பார்த்தான். "இல்ல சார்."

அவன் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அவன் முகத்தில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பொய்க்குக் கால் முளைத்தது. குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் தேசம்மாவைச் சேர்க்கவில்லை. அடுப்படியில் விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். அதோடு விட்டதா? தனத்துக்குப் பொதட்டூர்பேட்டையில் சம்பந்தம் பேசி, தாம்பூலமும் மாற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் எங்கள் ஆலையில் லோடு தூக்குகிறவன். அவன் வழியாகச் சேதி போயிற்று. வலிப்பு வம்சத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

தேசம்மா என் அறைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அந்தக் கெட்டிக் குரல் எங்கோ போயிருந்தது. "எனுக்கு பேஜாரு வந்தா பரவால்ல நர்ஸம்மா. பொண்ணுக்கு இன்னாத்துக்கு?"

ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். பஸ் ஏறி உட்கார்ந்தால், பின்படியில் கோதண்டம் ஏறுகிறான். என் பக்கம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே, "நானும் வரேன் நர்ஸம்மா. ராத்திரில தூக்கம் வர்ல" என்றான். திருவள்ளூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம்.

மாப்பிள்ளையின் அப்பா வேர்க்கடலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"நாங்களும் பொகையிலதான் சமைக்கிறோம். யாருக்கும் வரலியே?"

"உங்க அடுப்புக்கு மேல ஓடு இருக்குங்க. சந்து வழியா எல்லாம் வெளிய போயிடும். அது கதவு சாத்தின ஷெட்டு. கரி நெருப்புல வர்ற விஷம் கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதுன்னா, பேய்ன்றியா?"

அப்போது கோதண்டம் முன்னால் வந்தான்.

"நைனா, நான் பீடி கூட பிடிக்காதவன். ஒடம்புல ஒரு நோவு கெடையாது. அந்தம்மாவ இஸ்துகினு வெளிய வர்றதுக்குள்ள எனக்கே கண்ணு இருட்டிச்சு. மழையில உக்காந்து கொடலு வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். கேட்டப்போ இல்லைன்னுட்டேன், வேலைக்குப் பயந்து. இப்போ சொல்றேன். அவங்களுக்கு வலிப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

என் படிப்பை நம்பாத பெரியவர், தன் வாந்தியை ஒப்புக்கொண்ட ஒரு ஆண்பிள்ளையை நம்பினார். எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் தை மாதம் கல்யாணம் நடந்தது.

நடந்ததே தவிர, முழுசாக நடந்ததா? தனம் தலைச்சன் பிள்ளை பெறுகிறவரை, மாமியார் அவள் தலைமாட்டில் ஒரு இரும்புத்துண்டை வைத்தே படுக்கவைத்தாளாம். கோதண்டத்தைக் காரிலிருந்து இறக்கினார்கள், பிறகு வேலையிலிருந்தும். சூளூர்ப்பேட்டைப் பக்கம் லாரி ஓட்டிப் பிழைத்தான். என்னை நீக்கவில்லை. அந்த ஊருக்கு வேறு நர்ஸ் வரமாட்டாள், அவ்வளவுதான். மேனேஜர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு மாலையும் கழுத்துமாக ஊரைவிட்டுப் போனார். அந்த மாலையை யார் கட்டினார்களோ, கோணலாக இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

சில வருஷம் கழித்துக் கவரைப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் தேசம்மாவைப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலையாம். கை லேசாக நடுங்கியது. பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் எதைச் சொல்ல வந்தோம் என்று மறந்து நின்றாள். அந்த விஷவாயு ஆளை விட்டாலும் இப்படிச் சிலதை எடுத்துக்கொண்டு போகும். பஸ் வருகிற சமயம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்:

"நர்ஸம்மா, நெசமா சொல்லு. எனுக்கு வலிப்பு இல்லதான?"

அத்தனை பேர் அத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவளைத் திருப்பி ஷெட்டுக்குள் அனுப்பியதைவிட இது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. "இல்ல தேசம்மா, சத்தியமா இல்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள். நம்பினாளா, தெரியாது.

சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள்; ஷெட்டும் போயிற்று. இரும்பாலை இரண்டு கை மாறி, பெயர் மாறி, இப்போது வேறு ஏதோ செய்கிறது. பொன்னேரி டாக்டர் இல்லை. கோதண்டம் இல்லை. தேசம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஆள் இந்தப் பூமியில் நான் ஒருத்திதான் மிச்சம். மாப்பிள்ளையிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்: அவளுக்கு வலிப்பு இல்லை.