தாழ்மையாக நான் எழுதிக் கொடுத்த பொய்

எங்கள் சபையில் என்னைத் தாழ்மையுள்ளவன் என்பார்கள். அதெல்லாம் இல்லை என்று வாய் சொல்லும், மனசு வாங்கி வைத்துக்கொள்ளும். ஜெபக்கூட்டத்தில் செருப்புகளை வரிசையாக அடுக்குகிறவன் நான். பந்தியில் கடைசியாக உட்காருகிறவனும் நான். யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும் நானேதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை. என் மெஷின் ஒரு பிரஸ். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்புத் தலை இறங்கும். அது மேலே ஏறியதும் கையை உள்ளே விட்டு, அடித்த துண்டை எடுக்க வேண்டும். அடுத்து பட்டனைத் தொடும்வரை அது அசையாது என்ற நம்பிக்கையில்தான் கையை விடுகிறோம்.

போன வருடம் கோடையில் ஒரு நாள், துண்டை எடுப்பதற்கு முன்னால் முகத்து வியர்வையைத் தோளில் துடைத்தேன். அந்த ஒரு நொடியில் பிரஸ் தானாக இன்னொரு முறை இறங்கியது. துண்டு நசுங்கியது, கீழே இருந்த அச்சு விரிசல் விட்டது. வியர்வை வராமல் இருந்திருந்தால் என் விரல்கள் அங்கே இருந்திருக்கும்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"மெஷின் தானா எறங்குச்சு சார்."

"தானா எப்டிண்ணா எறங்கும்? நீங்கதான் ரெண்டு வாட்டி அமுக்கி இருப்பீங்க. மெஷின் தப்புன்னு எழுதினா அத்த பிரிச்சுப் பாக்கணும், லைன் நிக்கும், மேல என்னத்தான் காய்ச்சுவாங்க. நீங்க பைபிள் படிக்கிறவரு, பொறுத்துப் போற ஆளு. கவனக்குறைவுன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. இன்னாத்துக்கு பேஜாரு?"

எனக்குப் பயம். வேலை போய்விடுமோ என்ற பயம். ஆனால் அதற்குப் பயம் என்று நான் பெயர் வைக்கவில்லை. ஆண்டவரே பழி சுமந்தார், நான் சுமக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயை மறைத்தது சூப்பர்வைசர்; அதற்குச் சோறு போட்டது நான்.

என்னை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். புது அச்சு மாட்டினார்கள், மெஷினை யாரும் திறந்து பார்க்கவில்லை. அதில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை நிறுத்தினார்கள். மீஞ்சூரில் எங்கள் சபைக்கு வருகிற பெண்தான். கணவன் இறந்துவிட்டான், இரண்டு பிள்ளைகள்.

அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே அந்த பிரஸ் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே இரண்டாவது சத்தம் சேர்ந்து வந்துவிடுமோ என்று டேப்பைப் பாதியில் விட்டுக் காது கொடுப்பேன். சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன், மறுபடி உட்காருவேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தவன் இப்போது மெஷினைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பொய் எழுதியதற்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். நானே கதவைச் சாத்தி, நானே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

என் மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இப்ப அதுல அவ நிக்கிறாளே, அவளாண்ட சொன்னியா?"

"லெட்டர் குடுத்துட்டேனே, இனிமே எப்டி சொல்றது?"

"குட்டக் குட்டக் குனியறது உன் இஷ்டம். அவ தலைய ஏன் புடிச்சு அமுக்குற?"

எனக்குக் கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றேன். மனைவிக்குச் சொல்ல முடியாத பதிலைச் சபைக்குச் சொன்னேன். வேலையிடத்தில் நான் செய்யாத ஒரு தப்புக்குப் பழி சுமந்தேன், வாயைத் திறக்கவில்லை, கர்த்தர் அந்தக் கிருபையைக் கொடுத்தார் என்றேன். மெஷின் என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் அந்தப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னாள். பத்து விரலும் தெரிந்தன. பேச்சை அப்படியே விட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஆவியில் நிரம்பிவிட்டேன் என்று நினைத்து இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உங்க சாட்சி எனக்குன்னே சொன்ன மாரி இருந்துச்சு. வெள்ளிக்கெழம அந்த மெஷின் தானா இன்னொரு வாட்டி எறங்குச்சு. நூலெழயில கை தப்பிச்சுது. சூப்பர்வைசராண்ட சொல்லலாமான்னு இருந்தேன். நீங்களே பொறுத்துக்கினு போறீங்க, நா இன்னா பெரிய இவளா? வாய மூடிக்கினு இருந்துடறேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "பாத்து வேல செய்ம்மா" என்று மட்டும் சொன்னேன். அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரத்தில் முன்னால் போனேன்.

"நா எழுதிக் குடுத்த லெட்டர் பொய். அந்த பிரஸ் தானா எறங்குது. யாரும் அதுல கை வெக்காதீங்க."

மேனேஜர் கேட்டார்: "அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

"அன்னிக்குத்தான் சார்."

மெஷினை நிறுத்திப் பிரித்தார்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்னை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். கம்பெனி கேட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்ல வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மெஷின் கெட்டுப் போயிருக்குன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"நா அதுல நிக்கறதும் தெரியும். தெரிஞ்சுக்கினேதான் சர்ச்சுல எழுந்து பேசினீங்களா?"

ஆமாம் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.