கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன்

சபையாரே, சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு படிவம் உண்டு என்று நம்பியவன். ஜெபத்துக்குப் படிவம் கிடையாது. அதனால் அதை மனைவியிடம் விட்டிருந்தேன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவள் இறந்துபோனாள். பிறகு குவார்ட்டர்ஸில் நானும் ஒரு மின்விசிறியும்தான்.

பையன்களுக்குக் கபடி சொல்லித்தர அனுமதி வாங்கவே ஒன்பது மாதமானது. ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைகோத்து நிற்கப் பழகினார்கள். அவுட்டானவன் கோட்டுக்கு வெளியே கைகட்டி உட்கார வேண்டும். நான் நம்பரைக் கூப்பிட்டால்தான் எழ வேண்டும். இது கபடி விதி அல்ல, என் விதி.

அடுத்த ஐப்பசியில் சிங்காநல்லூரில் ஒரு மில் அணியோடு ஆட்டம். முதல் முறையாக மதிலுக்கு வெளியே. ஒருவன் தப்பினாலும் கபடி ரத்து என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பாதி ஆட்டத்தில் மழை கொட்டியது. எல்லோரும் வேனுக்கு ஓடினோம். வார்டர் எண்ணினார்.

"ஏழுங்க சார். டீமு சரியா இருக்குதுங்க."

பள்ளி வாசலில் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாற்று ஆட்டக்காரனோடு எட்டுப் பேரைக் கூட்டிப் போயிருந்தோம்.

இல்லாதவன் மயில்சாமி. இரண்டு முறை ஓடிப் பிடிபட்டவன். மனுப் போட்டுப் பார்க்க யாரும் வராதவன்.

"இந்நேரம் அன்னூர் பஸ்ஸுல டிக்கெட்டு எடுக்காம உக்காந்திருப்பானுங்க" என்றார் வார்டர்.

உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். விதி மனப்பாடம். தொலைபேசியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். சொன்னால் அவன் தப்பியோடியவன். கபடியும் முடிந்தது. யாரிடம் கேட்பது? "ஆண்டவரே, எனக்கு வழிமுறை தெரியவில்லை" என்றேன். உத்தியோக வாழ்க்கையில் அந்த வாக்கியத்தைச் சொன்னது அன்றுதான். சொன்னதும் நினைவு வந்தது: மழைக்குச் சற்றுமுன் அவன் அவுட்டானான். அவன் நம்பரை நான் கூப்பிடவே இல்லை.

வேனைத் திருப்பச் சொன்னேன்.

மைதானத்தில் ஈ காக்கை இல்லை. சுண்ணாம்புக் கோடு கரைந்து போயிருந்தது. அது இருந்த இடத்துக்கு வெளியே, கைகட்டியபடி, நடுங்கிக்கொண்டு மயில்சாமி.

"ஏன் கண்ணு எந்திரிக்கல?"

"நம்பர் கூப்புடலீங்களே சார்."

கேட்டைப் பார்த்தபடி சொன்னான். "கேட்டு தொறந்துதானுங்க கெடந்துச்சு. ஓடிப்போட்டா டீமு போயிருமுங்களே."

அன்றிலிருந்து பையன்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வீடு இன்றும் காலிதான்; அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலங்களில் பேச ஒருவர் இருக்கிறார்.

தன்னை எண்ணாமலே வண்டி போய்விட்டது என்று இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், ஆண்டவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். முறையாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேனைத் திருப்ப அவருக்குத் தெரியும்.