ஜெரோமின் இரண்டு விரல்களும் ஐஸ்கிரீம் வாளியும்

ஜெரோமை அறிந்த பெருமக்களே, உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வதாக இதன்மூலம் உறுதி கூறுகிறேன். நான் அவிழ்த்துவிட்ட பொய்களையெல்லாம் முப்பது வருடம் வாய்பிளந்து நம்பியவர்கள் நீங்கள். இந்த ஒன்றை நம்பாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

செய்தி வந்தபோது ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஊரின் மறுகோடி கதிர்காமத்திலிருந்து கபூர் பாய் போனில் பேசினார். எங்கள் இசைக்குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், எதையும் சுற்றி வளைக்காதவர். “வேலு, ஜெரோம் போயிட்டான். ஹார்ட்டு. அவன் வூட்டுக்கு வந்துடு” என்றார். எனக்கு முன்னால் நின்றவர் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். என் முறை வந்ததும் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டேன். அந்த ரொட்டியோடுதான் சாரத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். சாவு வீட்டுக்கு ரொட்டியோடு போனவன் உலக வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜெரோம் பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அவன் வாரநாட்களில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கல்யாண வரவேற்புகளில் வாசித்தோம். வங்காள விரிகுடா இத்தனை காலமாகக் கடற்கரைச் சாலையைத் தாண்டி ஊருக்குள் வராமல் இருப்பது எங்கள் குழுவின் சத்தத்துக்குப் பயந்துதான் என்பது நீங்கள் அறிந்ததே.

எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு யுத்தம். அது குருக்ஷேத்திரத்தைவிட நீளமானது. வேகமான பாட்டுக்கு பேஸ் கம்பிகளை விரலால் மீட்டுவதா, பிக்கால் அடிப்பதா? பிக் என்பது கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக் வில்லை. அதைக்கொண்டு மேலும் கீழுமாக அடித்தால் ஒவ்வொரு சுரமும் ஆணி அறைந்ததுபோல் தனித்தனியாகக் கேட்கும். விரலால் மீட்டினால் சத்தம் உருண்டையாக வரும், வேகம் கூடக் கூட டிரம்ஸுக்குள் கரைந்துவிடும். ஜெரோம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கம்பியின்மேல் மாற்றி மாற்றி நடக்கவிடுவான். வேறெதையும் தொடமாட்டான்.

“டேய், நீ வாசிக்கிறது எனக்கே கேக்கலடா. ஒரு பிக்க எடுத்தா என்ன கொறஞ்சா போயிடுவ?” என்பேன்.

“பேஸு கேக்கணும்னு இல்ல வேலு. இல்லன்னா தெரியணும், அவ்ளோதான்” என்பான்.

இன்னொரு நாள் ஒத்திகையில் இப்படிச் சொன்னான்: “கம்பிய எவன் வேணா அடிப்பான்டா. அடிச்சத அடக்கணும். அதுக்கு விரலு அதும்மேலயே இருக்கணும்.” பிளாஸ்டிக்குக்குக் கம்பியின் நடுக்கம் தெரியாது என்பது அவன் கட்சி. கேட்பவனுக்கு எட்டாத நுணுக்கத்தை வைத்து என்ன செய்வது என்பது என் கட்சி.

கருவடிக்குப்பத்தில் ஒரு பகல் விருந்தில் அந்த யுத்தம் முடிந்தது. காலையில் கோயிலில் கல்யாணம், மதியம் மண்டபத்தில் பிரியாணியும் ஆட்டமும். மேடை ஏறும்போது நான் சொன்னேன்: “இன்னிக்கு ஒன் விரல ஒடைக்கிறேன் பாரு. நீயே பிக் குடுறான்னு கெஞ்சுவ.”

“ஒடச்சிக்கோ. ரெண்டுதானே” என்றான்.

கடைசிப் பாட்டு ஏற்கெனவே குதிரை வேகம். ஒவ்வொரு சரணத்துக்கும் நான் வேகத்தைக் கூட்டினேன். கபூர் பாய் திரும்பி முறைத்தார், பாடிய பெண் சொற்களை விழுங்கினாள். மூன்றாம் சரணத்தில் அது நடந்தது. நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்த ‘தும் தும்’ திடீரென்று இல்லாமல் போனது. ஆடியவர்கள் தடுமாறி ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாலு சுற்று கழிந்து சத்தம் திரும்பி வந்தது. பாட்டு எப்படியோ கரை சேர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் கபூர் பாய் இலையைப் பார்த்தபடியே கேட்டார்: “நடுவுல யாருப்பா நின்னது?”

ஒரு நொடிகூட எனக்குத் தேவைப்படவில்லை. “ஜெரோம் விரல்ல தீ புடிச்சிடுச்சு பாய்” என்றேன். மேசை சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் எனக்குச் சரஸ்வதி கடாட்சம் வந்துவிட்டது. விரலிலிருந்து புகை கிளம்பியது என்றேன். வலி தாங்காமல் மாதாவைப் பிரெஞ்சில் கூப்பிட்டான் என்றேன். மேடையிலிருந்து குதித்து ஐஸ்கிரீம் வாளிக்குள் கையை விட்டான், வாளி கொதித்தது, பெண்ணின் பெரியப்பா அதைக் காபி என்று குடித்தார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெரோமும் சிரித்தான். இலையில் சோறு பிசைந்துகொண்டிருந்த அந்த இரண்டு விரல்களையும் நான் பார்க்கவில்லை.

அந்தக் கதை உப்பளத்தில் இருந்து காலாப்பட்டு வரைக்கும் போனது. கதை போன இடமெல்லாம் அவனுக்கு வேலை போனது. அடுத்த மாதமே கபூர் பாய் சொன்னார்: “எல்லாம் ஃபாஸ்ட் பாட்டா கேக்குறாங்க வேலு. பிக்ல வாசிக்கிற ஆளு ஒருத்தன் கெடச்சிருக்கான். ஜெரோம் பாவம், அவனுக்கும் கஷ்டம்.” பாய் கெட்டவரல்ல. பரிதாபப்பட்டுத்தான் நிறுத்தினார். மற்ற குழுக்களும் பரிதாபப்பட்டன. ‘ஐஸ்கிரீம் ஜெரோம்’ என்று அன்பாகப் பெயர் வைத்துப் பரிதாபப்பட்டன. அதற்குப் பிறகு அவன் மாதா கோயில் பாடற்குழுவில் மட்டும் வாசித்தான். அங்கே வேகமாக எதுவும் இல்லை.

பல வருடம் கழித்து ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தான். கையில் கிட்டார், சட்டைப் பையில் ஒரு சிவப்பு பிக்.

“கத்துக்கிட்டேன்டா. கேளு” என்று வாசித்துக் காட்டினான். ஆம்பிளிஃபயர் இல்லாமலே கூடம் அதிர்ந்தது. ஒவ்வொரு சுரமும் ஆணி. நான் ஆசைப்பட்ட அதே ஆணி. அவன் முகம் மட்டும் வேறு யாரோ வாசிப்பதைக் கேட்பவன் முகம்போல் இருந்தது.

“பாய்கிட்ட சொல்லுடா. பிக்ல வாசிக்கிறான்னு சொல்லு. ஒரே ஒரு மேடை போதும்.”

“சொல்றேன்” என்றேன். பிறகு கேட்டேன்: “நீ ஏன்டா அன்னிக்கி வாயத் தொறக்கல?”

பிக்கைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தான். “என் கதை நாலு வார்த்தைடா. ஒன்னுதுல ஐஸ்கிரீமெல்லாம் வருது.”

பாயிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அன்று மேடையில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பொய் கைவசம் இல்லை. உலகத்தில் எதற்கும் பொய் வைத்திருக்கும் எனக்கு அதற்கு மட்டும் இல்லை.

இப்போது சாரத்து வீட்டு வாசலுக்கு வருவோம். சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உங்களில் பாதிப் பேர் இருந்தீர்கள். ஜெரோமின் மனைவி தெரேஸ் அழுது முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். கபூர் பாய் என் தோளைத் தட்டினார். “அந்த ஐஸ்கிரீம் கதைய சொல்லு வேலு. தெரேஸ் கொஞ்சம் சிரிக்கட்டும்.”

நான் எழுந்து நின்று சொன்னேன். “அன்னிக்கி நின்னது ஜெரோம் இல்ல பாய். நான். வேகத்த ஏத்தி ஏத்தி என் கெண்டைக்காலு இழுத்துக்கிச்சு. காலால மிதிச்சு அடிக்கிற டிரம்மு நின்னுபோச்சு. நெஞ்சுல இடிச்சது அதுதான். நீங்கள்லாம் பேஸுன்னு நெனச்சிக்கிட்டீங்க. கையி மட்டும் தாளம் இல்லாம தட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த நாலு சுத்தும் பாட்டத் தாங்குனது அவன்தான். விரல்ல வாசிச்சான், அதான் ஒங்களுக்குக் கேக்கல. பிக்ல வாசிச்சிருந்தா மண்டபத்துக்கே தெரிஞ்சிருக்கும்.”

பாய் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “பாருய்யா, செத்தவனத் தூக்கிவுட இவனே கால ஒடச்சிக்கிறான். நல்ல மனசுடா ஒனக்கு.” நீங்கள் எல்லோரும் தலையசைத்தீர்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொய் சொன்னதற்குச் சிரிப்பு கிடைத்தது. உண்மை சொன்னதற்கு நல்ல மனிதன் என்ற பட்டம். இந்த ஊரில் எனக்கு ஒருநாளும் நஷ்டம் வந்ததில்லை.

தெரேஸாவது நம்புவாள் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

“போதும்ணே” என்றாள். “அவரே எங்கிட்ட சொல்லியிருக்காரு, அன்னிக்கி விரலு ஓடலன்னு. ஒங்க மேல தப்பில்ல.”

தன் மனைவியிடமே என் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குமேல் நான் யாரிடம் போய் வாதாடுவது? அவள் உள்ளே போய்ச் சிவப்பு பிக்கை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இத நீங்க வெச்சிக்குங்க. ஒங்களுக்குத்தான் இது புடிக்கும்.” அதன் ஒரு முனை முழுக்கத் தேய்ந்திருந்தது. அவன் வெறுத்த ஒன்றை அத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்திருக்கிறான்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று இந்த வில்லை. இன்னொன்றை வாசலில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். விரலில் தீ பிடிக்கவில்லை, புகை வரவில்லை, வாளி கொதிக்கவில்லை, பெரியப்பா எதையும் குடிக்கவில்லை. அந்தப் பழைய கதையில் ஒரே ஒரு துணுக்கு மட்டும் நிஜம். ஜெரோம் பிரெஞ்சில் முணுமுணுத்தான். மாதாவைக் கூப்பிடவில்லை. அந்த நாலு சுற்றும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நான் எங்கே திரும்பி உள்ளே வரவேண்டும் என்று எனக்காக எண்ணிக்கொண்டிருந்தான். ஆன், தெ, த்ருவா, கத்ர்.